பக்கத்து நிலையத்தின் பாட்டு

ஒரு நிலையத்தைக் கேட்கும்போது இன்னொன்று ஊடே ஒலித்தால் வானொலிப் பெட்டியைத் தட்டிப் பார்ப்போம். 1933இல் நெதர்லாந்தில் டெலிகன் என்ற பொறியாளருக்கு அப்படித்தான் நடந்தது. சுவிட்சர்லாந்து நிலையத்தின் பின்னணியில் லக்ஸம்பர்க் வானொலி! இரண்டும் வெவ்வேறு அலைவரிசை, பெட்டியிலும் கோளாறில்லை.

காரணம் வானத்தில் இருந்தது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் ஒரு சிறு பங்கு எலெக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்து, பிளாஸ்மாவாக இருக்கிறது. வானொலி அலை அந்த எலெக்ட்ரான்களை ஆட்டும். அவை காற்று மூலக்கூறுகளில் மோத, அலையின் சக்தி கரையும். லக்ஸம்பர்க்கின் பலத்த அலை எலெக்ட்ரான்களைச் சூடேற்றியதில் மோதல்கள் பெருகின. அவ்வழியே போன சுவிஸ் அலையும் லக்ஸம்பர்க் ஒலிக்கு ஏற்ப ஏறி இறங்கியது.

எங்கள் எஃப்எம் அலை அந்த அடுக்கைத் துளைத்துப் போய்விடும். இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் ஒலிவாங்கி முன் அமரும்போது நினைத்துக்கொள்வேன்: பலத்த குரல், அடுத்தவர் குரல் போகும் பாதையையும் மாற்றிவிடும்.