வாயிற் காவல்

கோட்டைக்கு வாயில் எத்தகையதோ, உடலுக்கு வாய் அத்தகையது. வாயிலைக் காவாது மதிலை மட்டும் காக்கும் மன்னனைக் கண்டால் நாம் நகைப்போம். ஆயினும் நம்மிற் பலர் அம்மன்னனையே ஒத்திருக்கின்றோம். தலைவலிக்கு வைத்தியரை நாடுகின்றோம். ஈறில் குருதி கசிந்தாலோ, பல்லிற் குழி விழுந்தாலோ, பல்தானே என்று வாளா இருக்கின்றோம். அப்பல்லின் கேடு இருதயத்தையே பற்றக் கூடும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருதி பின்னோக்கிப் பாயாவண்ணம் திறந்து மூடும் கதவங்கள் நான்கு நம் இருதயத்தில் உள. அவற்றை வால்வுகள் என்ப. ருமாட்டிக் காய்ச்சலால் பழுதுற்ற வால்வுகளிலும், பிறவிக் குறையுள்ள இருதயத்திலும், அறுவைச் சிகிச்சையாற் பொருத்தப்பெற்ற செயற்கை வால்வுகளிலும் கிருமிகள் எளிதிற் பற்றிக்கொண்டு, உறைந்த குருதியோடு சேர்ந்து திரள்களாக வளரும். அவற்றின் துணுக்கு மூளையை அடைந்தால் பக்கவாதம் நேரும். வால்வு சிதைந்தால் இருதயமே தளரும். இந்நோயை எண்டோகார்டைட்டிஸ் என்பர். இதனை விளைக்கும் கிருமிகளுள் ஒரு வகையின, நம் வாயில் இயல்பாகவே குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்தவை.

வாயிலுள்ள கிருமி இருதயம் புகுவது எங்ஙனம்? 1935-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓக்கெல், எலியட் என்னும் இருவர், பல் பிடுங்கப்பெற்றோரின் குருதியை ஆராய்ந்து, அவருட் பெரும்பாலோரிடத்து அக்கிருமிகள் உலவக் கண்டனர். நலமுள்ள உடல் அவற்றை விரைவில் அழித்துவிடும். பழுதுற்ற இருதயத்திலோ அவை தங்குமிடம் காணும்.

பென்சிலின் வருமுன் இந்நோய் கண்டோர் பிழைத்தல் அரிது. புகழ்பெற்ற இசைப்புலவர் குஸ்தாவ் மாலர், வால்வில் குறையுடையவர். 1911 பிப்ரவரியில் நியூயார்க்கில் காய்ச்சலோடு இசையரங்கு நடத்தி, அவ்வாண்டு மே மாதத்தில் வியன்னாவில் இந்நோயால் மறைந்தார். அவருக்கு வயது 50. இன்று மருந்து உண்டு; ஆயினும் அறியாமையும் நாணமும் அம்மருந்தை அண்டவிடாது தடுக்கின்றன.

என் தோழர் ஒருவர் சிறு வயதிற் செயற்கை வால்வு பொருத்தப்பெற்றவர். மேற்பல்லைப் பிடுங்கினாற் கண் பழுதாகும் என்று வீட்டுப் பெரியோர் கூறக் கேட்டு, பல் வலியைக் கிராம்பினால் அடக்கிவந்தார். பின்னர் மாலைதோறும் காய்ச்சலும், இரவில் வியர்வையும், மேனி மெலிவும் கண்டன. மருந்துக் கடையிற் கேட்டு வாங்கிய மாத்திரைகளாற் காய்ச்சல் தணிவதும் மீள்வதுமாயிருந்தது. அம்மாத்திரைகளே, பிறகு குருதியைச் சோதித்தபோது, கிருமி இன்னதென்று அறியவொட்டாது மறைத்துவிட்டன. ஆறு வாரம் மருத்துவமனையிற் கிடந்து உயிர் பிழைத்தார். அவ்வாண்டின் தேர்வை இழந்தார். தம் இருதயக் குறையைப் பிறரிடம் சொல்ல நாணியதாக அவர் உரைத்தது இன்னும் என் நெஞ்சை வருத்துகின்றது.

இஃதறிந்தோர் சிலர், பல் மருத்துவத்திற்கு முன் ஒரு மாத்திரை உட்கொண்டால் எல்லாம் தீரும் என்பர். அமெரிக்க இருதயச் சங்கமும் 1955-இல் அத்தகைய முன்காப்பு மருந்தை வற்புறுத்தியதுதான். ஆயின் 2007-இல் அச்சங்கமே, செயற்கை வால்வு உடையோர், முன்னர் இந்நோய் கண்டோர், கடிய பிறவிக் குறையுடையோர் முதலிய சிலர்க்கே அது வேண்டுமெனச் சுருக்கிற்று. காரணம் யாதெனின், நோயுற்ற ஈறின் வழியே, நாம் உணவை மெல்லுந்தோறும் கிருமிகள் குருதியிற் புகுகின்றன. என்றோ ஒரு நாள் பல் பிடுங்குவதனினும் அன்றாடப் புறக்கணிப்பே பெருங்கேடு. ஆகவே அச்சிலர்க்கு மருந்து இன்றியமையாதது. எனினும் அவர்க்கும் ஏனையோர்க்கும் முதற்காவல் தூய வாயே என்பது என் துணிபு.

பல் மருத்துவம் செல்வர்க்கே உரியது என்று சிலர் கூறலாம். காலையிலும் இரவிலும் பல் துலக்கச் செல்வம் வேண்டுவதின்று. சொத்தை சிறிதாயிருக்கும்போதே அடைத்தலினும், அது முற்றிய பின் பெறும் சிகிச்சைக்கே செலவு மிகுதி. ஆலும் வேலும் கொண்டு பல்லைப் பேணிய முன்னோரின் மரபினராகிய நாம் வறுமையைக் காரணங் காட்டுதல் பொருந்தாது.

நண்பர்காள்! கல்லூரியிற் சேருங்கால் நிகழும் உடற்சோதனையில் பற்களும் நோக்கப்பெறல் வேண்டும். இருதயக் குறையுடையோர் அதனை விடுதிக் காப்பாளரிடமும் பல் வைத்தியரிடமும் நாணாது கூறல் வேண்டும். ஓரிரு வாரம் நீடிக்கும் காய்ச்சலுக்குத் தாமே மருந்து தேடாது வைத்தியரை அடைதல் வேண்டும். அவரை எள்ளாது அவர்க்குத் துணை நிற்றல் நம் கடன். உடல் ஆண்டவர் உறையும் ஆலயம் என்று கேட்டு வளர்ந்த நாம், அவ்வாலயத்தின் வாயிலைக் காவலின்றி விடுதல் தகுமோ?