கடற்செலவும் நிலச்செலவும்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூருக்கு அருகே, குச்சனூர் என்னும் ஊர் உள்ளது. அங்குச் சுரபி நதிக்கரையில் அமைந்த சனீசுவரர் கோயில் நாடறிந்தது. ஆடித் திங்களின் சனிக்கிழமைகளில் நாற்றிசையினின்றும் மக்கள் அங்கு வந்து கூடுவர். இவ்வாறு பிறர் பயணம் வருதலைக் கண்டு பழகிய அவ்வூரார் இல்லங்களிலும் கோடை விடுமுறையில் ஒரு வினா எழுதல் இயல்பே. ஆண்டு முழுவதும் உழைத்துச் சேர்த்த சிறு தொகையைக் கொண்டு கப்பலேறிக் கடலைக் கண்டு வருவதா? நிலவழியே சென்று ஊர்களைக் கண்டு வருவதா? இளையோர் கப்பலை விழைவர். முதியோர் நிலமே போதும் என்பர். இவற்றுள் எது தக்கது?

'செலவு' என்னும் சொல் பண்டைத் தமிழில் பயணத்தைக் குறித்தது. இன்று அது பொருள் கழிதலைக் குறிக்கின்றது. இரு பொருளும் இவ்வினாவிற்குப் பொருந்தும். கையிலுள்ள பொருளை இழந்து மனத்தில் எதைப் பெற்று மீள்கின்றோம் என்பதே இங்குக் கருதத்தக்கது.

கடற்செலவின் சிறப்பை முதலில் நோக்குவோம். 2022-ஆம் ஆண்டு சூன் 4-ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தினின்று புறப்பட்ட இன்பச் சுற்றுலாக் கப்பலைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கொடியசைத்து வழியனுப்பினார். இத்தகைய கப்பல் மிதக்கும் நகர் போன்றது. உண்ணுமிடமும் உறங்குமிடமும் ஆடலரங்கும் அதனுள்ளேயே அமைந்திருக்கும். நாள்தோறும் மூட்டை கட்டி விடுதி மாற வேண்டுவதில்லை. ஆதலின் நடை தளர்ந்த முதியோர்க்கு அது பெரிதும் ஏற்றது. நாற்புறமும் நீரன்றி வேறொன்றும் காணாத வைகறையில், கதிரவன் கடலினின்று எழும் காட்சி, மலைகளுக்கிடையே பிறந்து வளர்ந்தோர்க்கு மறக்கவொண்ணாத இன்பம் தரும். அதனை யார் மறுக்க வல்லார்?

ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. 1926-ஆம் ஆண்டு முதல் 1973-ஆம் ஆண்டு வரை கடலில் இயங்கிய 'ரஜுலா' என்னும் கப்பல், தமிழர் பல்லாயிரவரைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிச் சென்றது. அவர்களுக்குக் கப்பல் ஒரு வழி, கரையே முடிவு. இன்பச் சுற்றுலாக் கப்பலிலோ கப்பலே வழி, கப்பலே முடிவு. ஒரு துறையில் சில நாழிகை நிற்கும். பயணியர் இறங்கிச் சுற்றி மீண்டும் ஏறுவர். அவ்வூரார் எதை உண்கின்றனர், எத்தொழில் செய்து வாழ்கின்றனர் என்று கேட்டறிய அச்சிறு பொழுது போதுமோ? கப்பலை நன்கறிந்து கரையை அறியாது மீள்வோரே பலர்.

நிலச்செலவு மட்டும் குறையற்றதோ எனின், அன்று. வெயிலும் புழுதியும் உண்டு. பேருந்தில் இடம் கிடைக்காத இன்னல் உண்டு. ஒரே நாளில் பத்து ஊர் காண விழைந்து, ஓரூரையும் காணாது திரும்புவோரும் உளர். கூட்டம் மிகுந்தால் காணும் இடமே கேடுறுகின்றது. கடல்சூழ் வெனிசு நகர் 2021-இல் பெருங்கப்பல்கள் தன் நடுவே வருவதைத் தடுத்தது. நம் நாட்டிலும் 2024-ஆம் ஆண்டு மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் ஊர்திகள் முன்பதிவுச் சீட்டுப் பெறுதல் வேண்டும் என்னும் நிலை வந்தது. ஆகவே குறை, வழியில் மட்டும் இல்லை. செல்வோர் மனப்பாங்கிலும் உள்ளது.

அங்ஙனமாயின் குச்சனூர் மாணவன் எவ்வழிச் செல்வது நன்று? தன் ஊர் வயலில் பாயும் நீரின் வழியே செல்வது நன்று. முதலில் தென்மேற்கே சென்று, லோயர் கேம்ப்பில் அமைந்துள்ள பென்னிகுயிக் மணிமண்டபத்தைக் காணலாம். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றை அணையிட்டுத் தடுத்து, அதன் நீரில் ஒரு பகுதியை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பெரும்பணி 1895-இல் நிறைவேறியது. அப்பணியில் வெள்ளத்திற்கும் கொடுங்காய்ச்சலுக்கும் இரையான தொழிலாளர் பலர். நாள்தோறும் உண்ணும் சோற்றில் அவர்தம் உழைப்பும் கலந்துள்ளது என்பதை அங்கு நின்றால் உணரலாம்.

பின்னர் அந்நீரோடு கீழ்நோக்கித் திரும்பலாம். அண்டைய சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் வரலாற்றாசிரியர் போற்றுவன. அப்பால் 1959-இல் திறக்கப்பெற்ற வைகை அணை, அதன்பின் மதுரை, அதனையடுத்து, மண்ணுள் மறைந்திருந்த பழந்தமிழர் வாழ்வை வெளிப்படுத்திய கீழடி. அங்குள்ள அருங்காட்சியகம் 2023-இல் திறக்கப்பெற்றது. மேலும் கிழக்கே செல்லின், வைகை நீரைத் தேக்கும் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயைக் காணலாம். பாம்பனில் 2025-இல் திறக்கப்பெற்ற புதிய தொடர்வண்டிப் பாலத்தைக் கடந்து சென்றால், 1964-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடி தோன்றும். அங்கே நிலம் முடிகின்றது, கடல் தொடங்குகின்றது.

நிலவழியே சென்றவனும் இறுதியில் கடலைக் காண்கின்றான்! ஆனால் அவன் காணும் கடல் வெறும் நீர்ப்பரப்பன்று. மேலைக்கடலுக்குரிய நீரை மனிதர் தம் உழைப்பால் கீழ்த்திசைக்குத் திருப்பிய கதையை அறிந்தபின் அவன் காணும் கடல் அது. நீர் வந்த வழியிலுள்ள உழவரையும் நெசவாளரையும் மீனவரையும் கண்டு பேசியபின் காணும் கடல் அது.

எனவே, முதலில் நிலம், பின்னர்க் கடல் என்பதே தக்க முறையாகும். தன் நாட்டை அறிந்தவன் பிற்காலத்தில் கப்பலேறினும், இறங்கும் துறைதோறும் எதைக் கேட்பது, எதைக் காண்பது என்பதை அறிவான். அறியாதவனுக்கோ எல்லாத் துறையும் ஒன்றே.

விடுமுறை முடிந்து வீடு திரும்பிய மாணவன், குச்சனூர் வாய்க்காலின் கரையில் நின்று அந்நீரை மீண்டும் ஒருமுறை நோக்குவானாயின், நேற்று வரை வெறும் நீராயிருந்தது இன்று ஒரு வரலாறாய் அவன்முன் ஓடும். அந்நோக்கைத் தருவதே நல்ல செலவு.