பங்குனி ஆமையும் மாடி விளக்கும்

இலங்கைக்குச் சுற்றுலா சென்று திரும்புவோர் சிலர் காட்டும் நிழற்படங்களில் ஒன்று நம் மனத்தை உறுத்துகின்றது. கொஸ்கொடக் கரையிலுள்ள பொரிப்பகத்தில், பிள்ளையின் உள்ளங்கையில் ஓர் ஆமைக்குஞ்சு!

உலகின் ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து அத்தீவில் முட்டையிடுகின்றன. உண்போர் கையினின்று முட்டைகளைக் காக்கவே பொரிப்பகங்கள் எழுந்தன, நோக்கம் நன்றே. ஆயினும் பொரித்த குஞ்சுக்கு முதற் சில நாள்களின் உணவு, அதன் வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கருவே. அவ்வலிமையைக் கொண்டே அது கரையோர மீன்களுக்குத் தப்பி ஆழ்கடலை எட்ட வேண்டும். பார்வையாளருக்காகத் தொட்டியில் நீந்தியே அதனைச் செலவிட்டுவிட்டால், கடலில் விடும்போது மிஞ்சுவது களைப்பன்றி வேறென்ன? அதே தீவின் ரெக்காவக் கரையிலோ, வருவோர் இருளில் காத்திருந்து, தாய் முட்டையிடத் தொடங்கிய பின்னரே அருகில் செல்கின்றனர். இம்முறையே நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

இதற்காகக் கடல் கடக்கவும் வேண்டுவதில்லை. நம் பாலவாக்கத்து மணலிலேயே பங்குனி ஆமைகள் கரையேறுகின்றன. தவக்காலத்தில் இட்ட முட்டைகள், ஏறத்தாழ ஐம்பது நாளில், உயிர்ப்புக் காலத்தை ஒட்டிப் பொரிப்பதுண்டு. ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இருக்கும். 1988-இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கின்றனர். பொதுமக்களும் உடன் நடக்கலாம். ஆமையைக் காணாமலே திரும்பும் இரவுகளும் உண்டு. பிள்ளைகளிடம் அதனை முன்னரே சொல்லிவிடுதல் நலம்.

2025 சனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரையில் இறந்து ஒதுங்கின. மூச்சுவிட மேலே வரவேண்டிய உயிர், இழுவலையில் சிக்கினால் மூழ்கி மடிகிறது. வலையைத் திருத்துவது அரசும் மீனவரும் கூடிச் செய்ய வேண்டிய வேலை. விளக்கு நம் கையில் உள்ளது. இருளில் ஒளிரும் கடலை நோக்கியே குஞ்சுகள் ஓடும். நம் வீட்டு வெளிச்சம் அதனினும் மிகுந்தால், சாலைப் பக்கம் திரும்பி மடியும். வெளிச்சம் கண்டு தாயும் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலைப் பங்குதோறும் படித்தோம். கடலை நோக்கி வீடுடையோர், சனவரி முதல் ஏப்ரல் முடிய, இரவுச் செபம் முடிந்ததும் மாடி விளக்கை அணைத்துவிடுங்கள். நடைக்கு வருவோர் கைவிளக்கையும் கைப்பேசி வெளிச்சத்தையும் தவிர்த்திடுக.