கிழட்டு கன்சோலுக்கு ஒரு வக்காலத்து

எங்கள் விடுதி அறையில் இரண்டு கட்சி. என்னிடம் மூன்றாவது கைக்கு வந்த ஒரு பிஎஸ் 4 இருக்கிறது. அறைத்தோழனிடம் கிராபிக்ஸ் கார்டு வைத்த லேப்டாப். நான் பிஎஸ் 4-ஐப் போட்டால் உள்ளே இருக்கிற விசிறி கிரைண்டர் மாதிரி இரையும். "மாவு ஆட்டியாச்சாடா?" என்பான். சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன்.

போன வாரம் தம்பி ஊரிலிருந்து போன் செய்தான். பிளஸ் டூ பாஸ் பண்ணியதற்கு அப்பா 50,000 ரூபாய் வரைக்கும் தருகிறேன் என்றிருக்கிறாராம். "கன்சோல் வாங்கவா, பிசி வாங்கவா? நீ சொல்றதுதான்" என்கிறான். எங்கள் வீட்டில் அந்தத் தொகை இரண்டாவது தடவை வராது. அதனால் முதல்முறையாக இந்தச் சண்டையைக் கொஞ்சம் சீரியஸாக யோசிக்க வேண்டியதாயிற்று.

காகிதத்தில் பார்த்தால் தோழன் கட்சிதான் ஜெயிக்கும். பிஎஸ் 4 வந்தது 2013-ல். அதன் கிராபிக்ஸ் சக்தி 1.84 டெராஃப்ளாப். 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு 100 டெராஃப்ளாப்பைத் தாண்டுகிறது. (டெராஃப்ளாப்பை வைத்து மட்டும் ஒப்பிடக்கூடாது, தெரியும். அடிக்க வராதீர்கள்.) ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஆனால் காட் ஆஃப் வார் ரக்னராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் வந்த கேம். ஒன்பது வயதான பிஎஸ் 4-லும் ஓடியது, அதுவும் பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கும்படி. அதே கேம் 2024 செப்டம்பரில் பிசிக்கு வந்தபோது, குறைந்தபட்சத் தேவை என்று போட்டிருந்தது 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060. 2016-ல் வந்த கார்டு அது, பிஎஸ் 4-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி. ஒரே கேம்தான். பிசியில் நுழைவுச் சீட்டே இரண்டு மடங்கு!

ஏன் இப்படி? கன்சோல் நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறது, அதனால்தான். கேம் எழுதுகிறவனுக்கு எந்தச் சில்லு, எவ்வளவு மெமரி, டிஸ்க் எவ்வளவு மெதுவாகப் படிக்கும் என்று எல்லாமே முன்கூட்டியே தெரியும். ஏழெட்டு வருஷம் அதே பெட்டியோடு குடித்தனம் நடத்தினால் அதன் மூலைமுடுக்கெல்லாம் அத்துப்படி ஆகிவிடும். பிசியில் அது நடக்காது. இவன் வீட்டில் ஒரு கார்டு, அவன் வீட்டில் வேறொன்று, டிரைவர் வேறு ஆளுக்கொரு பதிப்பு. யாருக்கென்று இழைத்து இழைத்து எழுதுவது?

இதற்கு என் பிரிய உதாரணம் பிஎஸ் 3. 2006-ல் வந்தது. மெமரி 256 எம்பி, கிராபிக்ஸுக்குத் தனியாக இன்னொரு 256 எம்பி, அவ்வளவுதான். இன்றைக்கு பிரவுசரில் ஒரு செய்தித்தளத்தைத் திறந்தாலே அதில் பாதியைத் தின்றுவிடும். அந்தப் பெட்டிக்குள்தான் 2013-ல் ஜிடிஏ 5-ஐ, ஒரு முழு நகரத்தையும் சுற்றியிருக்கிற மலையையும் கடலையும் சேர்த்து அடைத்தார்கள். அதே வருஷம் தி லாஸ்ட் ஆஃப் அஸ். 2007-ல் பிசியில் வந்து, அன்றைய ஆயிரம் டாலர் கம்ப்யூட்டர்களையெல்லாம் மண்டியிட வைத்த கிரைசிஸ்கூட, நாலு வருஷம் கழித்து 2011-ல் பிஎஸ் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்து சேர்ந்தது. கொஞ்சம் வெட்டித்தான் கொண்டுவந்தார்கள். ஆனாலும் வந்ததே!

எல்லாக் கிழமும் இப்படித் தெம்பாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 பிஎஸ் 4-ல் ஓடிய லட்சணத்தைப் பார்த்து, சோனியே தன் ஆன்லைன் கடையிலிருந்து அதைத் தூக்கிவிட்டது. மறுபடி விற்பனைக்கு வர 2021 ஜூன் ஆனது. 2023-ல் வந்த அதன் விரிவாக்கம் பழைய கன்சோல்களுக்கு வரவே இல்லை. பெட்டி எங்கே மூச்சு வாங்கும் என்று பார்த்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதிதான்.

தோழன் கட்சியிடம் எனக்கு ஒரு கேள்வி. "பிசி எங்கேயோ போயிடுச்சு" என்கிறீர்களே, யாருடைய பிசி? ஆர்டிஎக்ஸ் 5090-ன் அறிமுக விலை அமெரிக்காவிலேயே 1,999 டாலர். ஸ்டீம் நடத்தும் கணக்கெடுப்பைத் திறந்து பாருங்கள், வருஷக்கணக்காக மேல்வரிசையில் இருப்பவை 3060, 4060 மாதிரி நடுத்தர வர்க்கத்துக் கார்டுகள்தான். தோழனுடைய லேப்டாப்பில் இருப்பது 4 ஜிபி கார்டு. லேப்டாப் என்பதால் கழற்றி மாட்டவும் முடியாது. இதில் யார் கிழம், யார் குமரன்?

ஆக கன்சோலே வாங்குடா தம்பி என்று சொல்லியிருப்பேன். விலையைப் பார்த்ததும் வாய் அடைத்துவிட்டது.

பழைய காலத்தில் கன்சோலுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. வயசாக ஆக மலிவாகும். பிஎஸ் 2 அமெரிக்காவில் 2000-ல் 299 டாலருக்கு வந்து, 2009-ல் 99 டாலருக்கு இறங்கியது. பணக்கார வீட்டுப் பையன் முதல் வருஷம் வாங்குவான், நம்மைப் போன்றவர்கள் ஆறாவது, ஏழாவது வருஷம் வாங்குவோம். அப்படிக் கடைசி பெஞ்சில் வந்து சேர்ந்தவர்களுக்காகவே கேம்கள் வந்துகொண்டிருந்தன. இந்தியாவிலேயே தயாரான ஹனுமான்: பாய் வாரியர் பிஎஸ் 2-க்கு வந்தது 2009-ல். அந்தக் கன்சோல் பிறந்து ஒன்பது வருஷம் கழித்து! 15 கோடிக்கு மேல் அது விற்றதில் இந்தக் கடைசி பெஞ்சுக்குப் பெரிய பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிஎஸ் 3-ம் அப்படித்தான். 2006-ல் அதன் பெரிய மாடல் 599 டாலர், 2009-ல் மெலிந்த மாடல் 299. மூன்றே வருஷத்தில் பாதி. 90 நானோமீட்டரில் செய்த அதன் மூளையை 45 நானோமீட்டருக்குச் சுருக்கினார்கள். சில்லு சுருங்கினால் ஒரே தகட்டில் அதிகம் வெட்டலாம், செலவு இறங்கும்.

இப்போது சில்லு சுருங்கினாலும் செலவு முன்போல இறங்குவதில்லை. பிஎஸ் 5 2020-ல் அமெரிக்காவில் 499 டாலர். ஐந்து வயதை நெருங்கும்போது, 2025 ஆகஸ்டில் 549 ஆக்கினார்கள், அங்கே இறக்குமதி வரியும் சேர்ந்துகொண்டது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் 499-லிருந்து 2025-ல் மட்டும் இரண்டு தடவை ஏறி 649. நம்மூரில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்த பிஎஸ் 5, 2022 நவம்பரில் 54,990 ஆனது. கிழடாகிக்கொண்டே விலை ஏறுவது பழைய கார்களில் சிலவற்றுக்குத்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். கடைசி பெஞ்சையே எடுத்துவிட்டார்கள். எனக்கு உண்மையில் கோபம் இதன்மேல்தான். பிசி எத்தனை மடங்கு வேகம் என்பதெல்லாம் அப்புறம்.

பிசி பக்கம் ஓடலாம் என்றால் அங்கே 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எகிறிவிட்டது. ஒன்று மட்டும் பிசிக்குச் சாதகம்: வாங்கின பழைய கேம் பெரும்பாலும் அடுத்த பெட்டியிலும் ஓடும். எக்ஸ்பாக்ஸ் 360-ன் ஆன்லைன் கடையை 2024 ஜூலை 29-ம் தேதி மூடியே விட்டார்கள், இனி அதில் புதிதாக எதுவும் வாங்க முடியாது. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

தம்பியிடம் கடைசியில் சொன்னது இதுதான்: காலேஜுக்கு எப்படியும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். படிப்புக்குப் போதுமான சாதாரண லேப்டாப்பை வாங்கு, மிச்சத்தை அப்பாவிடமே கொடு. விளையாடுவதற்கு, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது என் பிஎஸ் 4-ஐ டிஸ்க்கோடு கொண்டுவந்து தருகிறேன். கிரைண்டர் சத்தத்துக்கு அம்மா பழகியவர்தான்.

அறைத்தோழனிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் முகம் தொங்கிவிட்டது. "டேய், நான் ரக்னராக்ல இன்னும் பாதிகூடத் தாண்டலையேடா" என்றான்.