பன்றிக்குப் பயந்து ஜெயிலுக்குப் போவதா?

அழகர்கோவில் மலையடிவாரத்தில் நிலக்கடலை போட்டவர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால் விடியும்போது தோட்டத்தில் வெறும் மண்தான் மிச்சம். கையில் ஒரு துப்பாக்கி இருந்தால் தேவலை என்று தோன்றத்தான் செய்யும். உடனே பணக் கணக்கு. லைசென்ஸ் எடுத்துக் கடையில் வாங்குவதா, பட்டறையில் சொல்லி நாட்டுத் துப்பாக்கி செய்துகொள்வதா? இரண்டாவதுதான் சல்லிசு என்பார்கள்.

எது சல்லிசு? 2019-ல் திருத்திய ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தால் குறைந்தது 7 வருஷம்; ஆயுள் தண்டனைகூட உண்டு. சும்மா வைத்திருந்தாலே 2 முதல் 5 வருஷம். "பன்றிக்குத்தான் வச்சிருந்தேன்" என்று பதினெட்டாம்படி கருப்பு சன்னதியில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினாலும் கோர்ட்டில் செல்லாது. குழல் வெடித்துக் கை போவது தனிக் கதை.

அமெரிக்காவில் உதிரி பாகம் வாங்கி வீட்டிலேயே ரைபிள் பூட்டிக்கொள்கிறார்கள். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பயிர்க்காவலுக்கு, குழல் வாய் வழியே மருந்து போட்டுச் சுடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர 1959-ம் வருஷத்துச் சட்டமே வழி சொல்கிறது. கலெக்டரிடம் மனுப் போடலாம்.

ஆனால் அதை வாங்கியும் பன்றியைச் சுட முடியாது! 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டினால்தான் சுடலாம். அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் கூடவே கூடாது. அடிவாரத்துத் தோட்டமெல்லாம் எங்கே இருக்கிறது? காட்டை ஒட்டித்தானே!

அப்புறம் எதற்குத் துப்பாக்கிச் செலவு? வனத்துறை அதிகாரிகள் நேரில் வந்து அழிந்த பயிரைப் பார்க்கட்டும். அடுத்த விதைப்புக்குள் நஷ்டஈட்டைக் கையில் கொடுக்கட்டும்.