ஓய்வுக்குப் பின் ஒரு படகுக் குடித்தனம்

ரிடையர் ஆகிற அன்று ஆபீசில் மாலை போடுவார்கள், சால்வை போர்த்துவார்கள், ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையிலிருந்து அவருக்கு ஓய்வு. நமக்கு? இரண்டு வேளை போட்ட காபி நான்கு வேளையாகும். பத்து மணிக்கு மேல் நம் ராஜ்யமாக இருந்த வீட்டில், “அந்த டப்பாவை ஏன் அங்கே வெச்சிருக்கறே?” என்று முப்பது வருஷமாகக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்கப்படும். அறுபதைத் தொட்ட அக்காமார்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள் என்று தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. ஆனால் இந்த மார்கழியில் கேள்விப்பட்ட ஒரு சங்கதி, இப்போதே சில காரியங்களைச் செய்துவைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

என் சின்னம்மா மகள், எனக்கு அக்கா முறை, அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் பெரிய வாய்க்கால் மாதிரி ஒரு நீர்வழி போகிறதாம். கார்த்திகை பிறந்தால் அதில் பாய்மரப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே போகுமாம். ஓட்டிப் போகிறவர்கள் இளவட்டங்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும்தான்!

வடக்கே கனடா பக்கமும், அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் குளிர்காலத்தில் வாசற்படியில் பனியை வெட்டித் தள்ள வேண்டியிருக்கும். வயசான எலும்புக்கு அது ஒத்துக்கொள்ளுமா? அதனால் சில தம்பதிகள் படகிலேயே குடித்தனத்தை ஏற்றிக்கொண்டு வெதுவெதுப்பான கடலைத் தேடி இறங்கி வருகிறார்கள். வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரைக்கும் 1,700 கிலோமீட்டருக்கு மேல், கரையை ஒட்டியே அந்த நீர்வழி இருக்கிறது. அங்கிருந்து சிலர் கடலைத் தாண்டி பஹாமாஸ் தீவுகளுக்குப் போய் மாசி, பங்குனி வரை தங்குவார்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அந்தப் பக்கம் புயல் காலம். அது தொடங்குவதற்குள் வடக்கே திரும்பிவிடுவார்கள்.

நமக்கும் இது ரொம்பப் புதிதல்ல. ஊட்டியிலும் குன்னூரிலும் இருக்கிற பெரியவர்கள், உறைபனி விழுகிற நாட்களில் மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ மகள் வீட்டுக்கு இறங்கி வருவது உண்டுதானே? என்ன, நாம் மகள் வீட்டுக்கு வருகிறோம். அவர்கள் தங்கள் வீட்டையே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

36 அடியில் ஒரு வீடு

அக்கா ஒருமுறை அப்படி ஒரு படகுக்குள் போய் டீ குடித்துவிட்டு வந்தாள். அந்த அம்மாள் ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். படகின் நீளம் 36 அடி. அகலமான இடத்தில் பன்னிரண்டு அடி. அதற்குள்ளேயே படுக்கை, உட்காரும் பெஞ்சு, சமையல் மேடை, குளியலறை எல்லாம். “நம்ம ஊட்டுத் திண்ணையை வளைச்சுக் கூரை போட்ட மாதிரி இருந்துச்சு அம்மணி” என்றாள்.

அடுப்பைத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தொட்டில் மாதிரித் தொங்கவிட்டிருக்கிறார்களாம். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டம் மாறாமல் நிற்கும், குழம்பு கொட்டாது. சமையலுக்கு அவர்கள் பெரிதும் நம்புவது நம்ம பிரஷர் குக்கரைத்தான்! கேஸ் மிச்சம்; மூடி இறுகி இருப்பதால் படகு ஆடினாலும் கொதிப்பது மேலே சிந்தாது. நம்ம அரிசியும்பருப்பு சாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?

கேஸ் விஷயத்தில் அவர்கள் படுகிற கவனத்தை நாமும் கற்றுக்கொள்ள வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். படகில் அது அடித்தளத்தில் போய்த் தேங்கிவிட்டால் ஒரு பொறி போதும். அதனால் ஒவ்வொரு முறை சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே மூடிவிடுகிறார்கள். நம்மில் எத்தனை பேர் ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுக்கிறோம்? வாசனை வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டருக்குள் முடித்துக்கொள்கிற சிக்கனக்காரர்கள் இருக்கிறார்கள். பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கடைசியில் ஒரே ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசி எடுப்பார்களாம். சிறுவாணித் தண்ணியைக் குழாயில் திறந்துவிட்டுக்கொண்டே பாத்திரம் தேய்க்கிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

காய்கறியும் அப்படித்தான். கடை கண்ணி இல்லாத தீவில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒன்றாகப் போடமாட்டார்கள். போட்டால் சீக்கிரம் கெடும். முட்டைக்கோஸைக் காகிதத்தில் சுற்றி வைப்பார்கள். தக்காளியைக் காயாகவே வாங்கி, பழுக்கப் பழுக்க எடுப்பார்கள். பச்சைக் காய் தீர்ந்துபோனால் என்ன செய்வார்கள் தெரியுமா? பச்சைப்பயறை முளைகட்டிக்கொள்வார்கள். நம்ம அம்மாயி ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்ட அதே பயறுதான்!

கத்தாமல் ஒரு பேச்சு

முப்பத்தாறு அடிக்குள் இருபத்துநாலு மணி நேரமும் இருவர் மட்டும். கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணையில் போய் உட்காரவும் வழியில்லை. சண்டை வராதா? வருமாம், நங்கூரம் போடுகிற நேரத்தில்தான் அதிகம். ஒருவர் முன்னால் நங்கூரத்தைப் பிடித்து நிற்க, இன்னொருவர் பின்னால் படகை ஓட்ட, காற்றிலும் இன்ஜின் சத்தத்திலும் சொல்வது கேட்காமல் கத்த வேண்டியிருக்கும். கத்தலில் பாதி கோபமாகிவிடும். அதனால் பலர் கை ஜாடை வைத்துக்கொள்கிறார்கள். கையை இப்படிக் காட்டினால் முன்னே, அப்படிக் காட்டினால் நிறுத்து. வாயைத் திறக்கவே வேண்டாம். அடுக்களையிலிருந்து நாமும், முன்ரூமில் டி.வி.க்கு முன்னால் அவரும் கத்திக்கொள்கிற வீடுகளுக்கு இந்த ஏற்பாட்டைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம்.

எல்லாம் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். டாக்டர் பக்கத்தில் இருக்கமாட்டார். மாதக்கணக்குக்கு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பேரன் பேத்திகளைப் பார்க்க முடியாது. முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தால் படகை விற்றுவிட்டுக் கரையேற வேண்டியதுதான்.

குளிர் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் கூடும். பிரஷர் இருக்கிறவர்கள் இந்த மாதங்களில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. விடிவதற்கு முன்னால் வாக்கிங் போகிறேன் என்று பனியில் நிற்க வேண்டாம், வெயில் வந்த பிறகு போகச் சொல்லுங்கள். வயசானால் தாகம் தெரிவது குறையும். அதனால் டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவர்களுக்கு, கேட்காவிட்டாலும் நாமே வெதுவெதுப்பான தண்ணீரை வேளாவேளைக்குக் கொடுக்க வேண்டும்.

ஒருவர் விழுந்தால் இன்னொருவர்

இனிமேல் சொல்லப்போவதுதான் என் மனசில் தைத்த விஷயம். அந்த டீச்சரம்மாள் அக்காவிடம் சொன்னாராம்: “இந்தப் படகில் ஏறுவதற்கு முன்னால் நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். இவர் கடலில் விழுந்துவிட்டாலோ, மாரடைத்துப் படுத்துவிட்டாலோ, படகை நிறுத்தவும் திருப்பவும் கரைக்குக் கொண்டுபோகவும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.” பெண்களுக்கென்றே நடக்கும் வகுப்பில் சேர்ந்து பாயை இறக்க, இன்ஜினை ஓட்ட, ரேடியோவில் 16-ஆம் சேனலில் உதவி கேட்க எல்லாம் கற்றுக்கொண்ட பிறகுதான் ஏறினாராம். கணவரும் சமையலைக் கற்றுக்கொண்டாராம்.

பெண்களால் ஆகுமா என்று யாராவது கேட்டால் நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2017 செப்டம்பரில் நம் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2018 மே மாதம் திரும்பினார்கள். அதே தாரிணியில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி இரண்டே பேர் கிளம்பினார்கள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. 25,000 கடல் மைலுக்கு மேல் சுற்றி 2025 மே 29 அன்று கோவா வந்து சேர்ந்தார்கள். இரண்டே பேர் என்றால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும். ‘அது அவளுடைய வேலை, எனக்குத் தெரியாது’ என்று சொல்லவே முடியாது.

நம் வீடுகளில் எப்படி? என் பெரியம்மாவைச் சொல்கிறேன். பெரியப்பா அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பாங்க், பென்ஷன், வரி எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கருமாதி முடிந்து பீரோவைத் திறந்தால் எந்தக் காகிதம் எதற்கு என்று பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. பென்ஷன் உத்தரவில் இருந்தது வீட்டில் கூப்பிடுகிற பேர். ஆதாரில் இருந்தது குலதெய்வத்தின் பேர். இருவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க ஆபீசுக்கும் வீட்டுக்கும் பதினோரு மாசம் நடந்தார். எண்பது மூட்டை மஞ்சளை எடை போட்டு விற்றுக் கணக்கு வைத்த மனுஷி, ஒரு பாரத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் என்னிடம் கண் கலங்கினார். “அவரு இருக்கறப்பவே கேட்டிருக்கலாம் கண்ணு. கேட்டா அபசகுனம்னு நெனச்சேன்” என்றார்.

கேட்பது அபசகுனம் இல்லை, சகோதரிகளே. படகில் ஏறுகிறவர்கள் நீச்சல் கற்றுக்கொள்வது மூழ்க வேண்டும் என்பதற்காகவா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு இருநூறு பக்க நோட்டை எடுத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள். பாங்க் கணக்குகள் எதெது, இருவர் பேரிலும் இருக்கிறதா, நாமினி யார், எல்.ஐ.சி. பாலிசி எண்கள், வீட்டு வரி ரசீது, பத்திரம், கேஸ் புத்தகம் இருக்கிற இடம், யாருக்குக் கொடுத்தது, யாரிடம் வாங்கியது. எல்லாவற்றையும் எழுதுங்கள். பென்ஷன் வாங்குகிறவராக இருந்தால், பென்ஷன் உத்தரவில் உங்கள் பேரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருக்கிறபடியே இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். தப்பு இருந்தால் அவர் இருக்கும்போதே திருத்துவது சுலபம். வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய உயிர்ச் சான்றை 2014-லிருந்து ‘ஜீவன் பிரமாண்’ முறையில் கணினி வழியாகவே கொடுக்க முடிகிறது. அதை எந்த மாதம், எப்படிக் கொடுக்கிறார் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டின் பின்பக்கம் அவருக்கு. அரிசியும்பருப்பு சாதத்துக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், பால்காரர் கணக்கு, உங்கள் மாத்திரை எது, எந்த வேளைக்கு, மிக்ஸியில் எது அரைக்கலாம். நாம் நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்த மனுஷர் பன்னும் டீயுமாகக் காலம் தள்ளக் கூடாதல்லவா? வாரத்தில் ஒரு நாள் ராத்திரி அவரே சமைக்கட்டும். உப்புக் கூடினால் சிரித்துக்கொண்டே சாப்பிடுங்கள். நம் முதல் ரசத்தையும் யாரோ சாப்பிட்டவர்கள்தானே!

நம்ம கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. பவானிசாகரில் பரிசலைப் பார்த்ததோடு சரி. ஆனாலும் கல்யாணமான அன்றைக்கே எல்லோரும் இரண்டு பேர் ஓட்டுகிற படகில் ஏறிவிட்டோம். துடுப்பு போடுகிறவர் ஒருவர், சும்மா உட்கார்ந்து வருகிறவர் ஒருவர் என்று இருந்தால், காற்று மாறுகிற அன்றைக்கு இருவருக்கும் கஷ்டம்.

நோட்டுப் போட்ட வீடுகளிலிருந்து எனக்கு எழுதுங்கள். எழுதும்போது தெரியவந்த புது விஷயம் என்ன, அவர் செய்த முதல் சமையல் என்ன என்று சொல்லுங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் எல்லோரோடும் பகிர்ந்துகொள்வோம்.