100 வாட் ஆம்ப் எதற்கு? கிடார் கலைஞர்கள் சுமையை இறக்கி வைக்கலாம்!

எலெக்ட்ரிக் கிடாரின் எடை பொதுவாக மூன்று முதல் நான்கு கிலோ. அதை நான்கு பேருக்குக் கேட்க வைக்கும் ஆம்ப்ளிஃபையரின் எடை? ஃபெண்டரின் புகழ்பெற்ற 'ட்வின் ரிவர்ப்' சுமார் 29 கிலோ. வாக்ஸ் ஏசி30 அதைவிடவும் கூடுதல். மார்ஷலின் நான்கு ஸ்பீக்கர் பெட்டி மட்டுமே 35 கிலோவைத் தாண்டும். அதன் மேல் வைக்கும் 'ஹெட்' தனிக்கணக்கு.

லிஃப்ட் இல்லாத மாடியிலிருந்து இதை இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, ரிகர்சல் முடிந்ததும் திரும்ப மேலே தூக்க வேண்டும். ஆபீஸ் வேலைக்கு நடுவே வாரம் ஒருமுறை வாசிப்பவர்களில் பலர் இதற்கே சலித்துப்போய், "இந்த வாரம் வேண்டாம்பா" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் ஆம்ப் வீட்டு மூலையில் துணி போடும் மேஜையாகிவிடும்.

ஆனாலும் சின்ன ஆம்ப் என்றால் 'கத்துக்குட்டிகளுக்கானது' என்ற எண்ணம் போகவில்லை. வீட்டிலும் சிறிய மேடைகளிலும் வாசிப்பவர்கள் இந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. ஏன்?

பெரிய ஆம்ப் வந்த கதை

1960-களில் மேடை ஒலி அமைப்பு என்பது பெரும்பாலும் பாடுபவரின் மைக்குக்காக மட்டுமே இருந்தது. கிடார் சத்தம் கடைசி வரிசை வரை போக வேண்டுமென்றால், ஆம்ப்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன்னால் பீட்டில்ஸ் வாசித்தபோது, 100 வாட் வாக்ஸ் ஆம்ப்களை வைத்திருந்தார்கள். ரசிகர்களின் கூச்சலில் அதுவும் எடுபடவில்லை.

அதே காலத்தில் 'தி ஹூ' இசைக்குழுவின் பீட் டவுன்ஷெண்ட், இன்னும் சத்தமான ஆம்ப் வேண்டும் என்று ஜிம் மார்ஷலிடம் கேட்டார். 100 வாட் மார்ஷல் பிறந்தது அப்படித்தான். எட்டு ஸ்பீக்கர்கள் கொண்ட ஒரே பெட்டியும் செய்தார்கள். தூக்குகிறவர்களின் முதுகு தாங்காததால், அதை நான்கு நான்காகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ராக் இசையின் அடையாளமான 'மார்ஷல் ஸ்டாக்' உருவான பின்னணி இதுதான்.

இன்று நிலைமை வேறு. ஆம்ப் முன்னால் ஒரு மைக் வைத்தால், மிச்சத்தை அரங்கின் ஒலி அமைப்பு பார்த்துக்கொள்ளும். மேடையில் இருப்பவர்களுக்குத் தனி மானிட்டர்கள் இருக்கின்றன. கடைசி வரிசைக்குச் சத்தம் அனுப்பும் பொறுப்பு ஆம்பிடமிருந்து போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

வாட் கூடினால் சத்தம் கூடுமா?

கூடும். ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்குச் சத்தம் 'இரண்டு மடங்கு' என்று தோன்றச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட்டைப் பத்து மடங்கு ஆக்க வேண்டும்.

ஒரே வகை ஸ்பீக்கரில் 15 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 8 டெசிபல்தான். அதாவது, 100 வாட் ஆம்ப் 15 வாட் ஆம்பைவிட இரண்டு மடங்கு சத்தம்கூட இல்லை! ஸ்பீக்கரின் திறனும் முக்கியம். அதே வாட்டில் 3 டெசிபல் கூடுதலாகத் தரும் ஸ்பீக்கரை மாட்டினால், ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கிய பலன் கிடைத்துவிடும்.

வால்வ் ஆம்ப்களில் இன்னொரு விஷயமும் உண்டு. வால்வுகளை நன்றாக உழைக்கவிட்டால்தான் எல்லோரும் விரும்பும் அந்தக் கரகரப்பு வரும். 85 வாட் ஆம்பை அந்த நிலைக்கு ஏற்றினால் காது கிழியும். வீட்டில் 1-லேயே வைத்து வாசித்தால் அதன் ருசியே தெரியாது. ஸ்டுடியோக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். 1970-ல் வெளியான 'லைலா' ஆல்பத்துக்கு எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் பயன்படுத்தியது ஃபெண்டர் சாம்ப் என்ற குட்டி ஆம்பைத்தான்.

எடை எங்கே ஒளிந்திருக்கிறது?

இரும்பும் செம்பும் நிறைந்த டிரான்ஸ்ஃபார்மர்கள், ஸ்பீக்கரின் காந்தம், மரப்பெட்டி. பழைய ஆம்பின் எடை பெரும்பாலும் இந்த மூன்றில்தான். 'கிளாஸ் டி' எனப்படும் புதிய பவர் சர்க்யூட்டும், மொபைல் சார்ஜரில் இருப்பது போன்ற மின்வழங்கியும் வந்த பிறகு பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குத் தேவை குறைந்தது. நியோடிமியம் காந்தம் ஸ்பீக்கரின் எடையைக் குறைத்தது.

இதற்கு நல்ல உதாரணம் ஃபெண்டரே 2019-ல் கொண்டுவந்த 'டோன் மாஸ்டர்' ட்வின் ரிவர்ப். அதே தோற்றம், அதே இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள். உள்ளே வால்வுக்குப் பதில் டிஜிட்டல். எடை சுமார் 15 கிலோ, கிட்டத்தட்ட பாதி. வால்வ்தான் வேண்டும் என்பவர்களுக்கு 15 வாட் 'ப்ளூஸ் ஜூனியர்' சுமார் 14 கிலோ. பாஸ் நிறுவனத்தின் 'கட்டானா 50' 12 கிலோவுக்குள் அடங்கும். அதன் சக்தியை அரை வாட் வரை குறைத்து வைத்தும் வாசிக்கலாம்.

காதும் பக்கத்து வீடும்

இதை வெறும் வசதிப் பிரச்சினையாகப் பார்க்க முடியாது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். சின்ன ரிகர்சல் அறையில் ட்ரம்ஸோடு ஒரு பெரிய ஆம்ப் போட்டிபோட்டால் 100 டெசிபலைத் தொடுவது சர்வ சாதாரணம். அங்கே இரண்டு மணி நேரம் நிற்பவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். போன செவித்திறன் திரும்பாது.

மேலும் சத்தம் கேட்டு வாங்கிய அதே டவுன்ஷெண்ட், பின்னாளில் தன் செவித்திறன் பாதிப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஸ்டுடியோ ஹெட்போனும் ஒரு காரணம் என்றார். அதனால் "ஆம்ப் வேண்டாம், ஹெட்போன் போதும்" என்பவர்களும் வால்யூமில் கவனமாக இருப்பது நல்லது.

அப்பார்ட்மென்ட் வாழ்க்கைக்கும் இது பொருந்தும். இந்தியாவின் ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்கு வைத்துள்ள வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. வேலை முடிந்து வீடு திரும்பி ஒன்பதரைக்குக் கிடாரைத் தொடுபவருக்கு 100 வாட் வெறும் அலங்காரம்தான்.

எதை இழக்க வேண்டியிருக்கும்?

'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டியதில்லை. கிடாரின் அடிக்கம்பி எழுப்பும் சுருதி சுமார் 82 ஹெர்ட்ஸ். 4 அங்குல ஸ்பீக்கரால் அதை முழு பலத்தோடு தர முடியாது. 'கட்டானா மினி' போன்ற பேட்டரி ஆம்ப்கள் படுக்கையறைக்கும் பயணத்துக்கும் அருமை. ட்ரம்ஸ் பக்கத்தில் வைத்தால் காணாமல் போய்விடும்.

அதேபோல, ஜாஸ் மாதிரி கரகரப்பே இல்லாத தெளிவான ஒலி வேண்டுமென்றால், மைக் இல்லாத மேடையில் 15 வாட் திணறும். சத்தத்தைக் கூட்டினால் ஒலி உடையத் தொடங்கும். பெரிய ஆம்ப் முன்னால் நிற்கும்போது கால்சட்டையில் உணரும் அந்த அதிர்வும் கிடைக்காது. அதற்காகவே வாசிப்பவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மைக்கே கிடைக்காத திறந்தவெளி மேடைகளில் அடிக்கடி வாசிப்பவருக்கும் பெரிய ஆம்ப்தான் சரி.

மாற்றும் முன் கேட்க வேண்டியவை

- கடந்த ஆறு மாதத்தில் எங்கெல்லாம் வாசித்தீர்கள்? என்றாவது வரப்போகும் பெரிய மேடைக்காக இப்போதே வாங்க வேண்டாம்.
- ட்ரம்மரோடு வாசிப்பீர்களா? ஆம் என்றால் 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கருக்குக் கீழே போகாதீர்கள்.
- மிக்ஸரில் நேரடியாகச் செருக 'லைன் அவுட்' இருக்கிறதா? இல்லாவிட்டால் மைக் கிடைக்குமா?
- ஒரு கையில் கிடார், மறு கையில் ஆம்ப் என்று இரண்டு மாடி ஏற முடியுமா? கடையிலேயே தூக்கிப் பாருங்கள்.
- வெளியூர் போவீர்களா? உள்நாட்டு விமானங்களில் எகானமி டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோ செக்-இன்தான்.

பழைய ஆம்பை உடனே விற்க அவசரம் காட்ட வேண்டாம். நண்பரிடம் ஒரு சின்ன ஆம்பை இரவல் வாங்கி, இரண்டு ரிகர்சலிலும் ஒரு மேடையிலும் வாசித்துப் பாருங்கள். குழுவில் யாரும் "என்னடா, கிடார் கேக்கவே இல்ல" என்று சொல்லவில்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. மைக் வழியாகப் போகும் ஒலியில், பின்னால் இருப்பது 15 கிலோவா 30 கிலோவா என்று கேட்பவருக்குத் தெரியப்போவதில்லை. தூக்குகிறவருக்கு மட்டும் நன்றாகவே தெரியும்.